இடது கீல், வலது பெட்டி

2025 ஜூன் 2, திங்கள்

இன்று முதல் கம்பெனியில் 'சார்' கிடையாது. 'அண்ணே', 'அங்கிள்', 'மாமே' எதுவும் கிடையாது. எல்லோரும் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். காலை ஏழரை மணிக்கு நின்றபடியே நடத்துகிற பத்து நிமிடக் கூட்டத்தில் புது மேனேஜர் இதை அறிவித்தார். கரூர்க்காரர், இருபத்தொன்பது வயது, அயனம்பாக்கத்தில் ஏரியைப் பார்த்த ஃப்ளாட்டில் குடியிருக்கிறார். "என்னையும் அபிஷேக்னே கூப்பிடுங்க. நமக்குள்ள மேல கீழ எதுவும் இல்ல," என்றார். அதைச் சொல்லும்போது அவர் மட்டும் ஒரு மரப்பலகை மேல் நின்றுகொண்டிருந்தார்.

பக்கத்து மேசை ஜெகன் பத்தொன்பது வருஷமாக என்னை மாமே என்று கூப்பிடுகிறவன். கூட்டம் முடிந்து வந்தவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அருள்தாஸ், அந்த ஆயில் கேன குடு," என்றான். கொடுத்தேன். புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள் மாதிரி இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டோம்.

அம்பத்தூர் எஸ்டேட் தோன்றிய நாள் முதலாக இப்படி ஒரு வெட்கம் அங்கே நிகழ்ந்ததில்லை என்பதை இதனால் பதிவு செய்கிறேன்.

ஜூன் 3, செவ்வாய்

ஒன்றும் இல்லை. அறுநூற்று நாற்பது கீல்.

ஜூன் 5, வியாழன்

இந்த டைரி புத்தாண்டுக்குக் கம்பெனி கொடுத்தது. ஐந்து மாதம் ஃபிரிட்ஜ் மேல் தூங்கியது. எழுத ஆரம்பித்த பிறகு என் இடது கையின் ஓரம் முழுக்க நீலம். எழுதிய வரியின் மேலேயே கை போய் உட்காருகிறது. நானே எழுதி நானே அழித்துக்கொண்டு போகிறேன். வலது கைக்காரர்களுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை.

கொரட்டூர் ஸ்டேஷன் வாசலில் பூக்காரம்மா, "ஏம்ப்பா, சோத்துக் கை இல்லியா உனக்கு?" என்று இருபது வருஷமாகக் கேட்கிறார். இருக்கிறது, அதைச் சோற்றுக்கு மட்டும் வைத்திருக்கிறேன் என்று நானும் இருபது வருஷமாகச் சொல்கிறேன். சர்ச்சில் நன்மை அப்பம் வாங்கக் கை நீட்டினால், எது மேலே எது கீழே என்று புது ஃபாதர் ஒரு நொடி யோசிக்கிறார். அந்த ஒரு நொடியில் என் பாவங்கள் எல்லாம் உலகத்தை மூன்று சுற்று சுற்றிவிட்டுத் திரும்பி வந்து வரிசையில் நிற்கின்றன.

இந்தப் பரந்த பூமியில் எனக்காகத் திருப்பிப் போடப்பட்டது ஒன்றே ஒன்றுதான். நாலாம் நம்பர் மேசை. கார்க் கதவைத் தாங்குகிற கீல் செய்கிறோம். இரண்டு தகடு, புஷ் என்கிற இரண்டு சின்ன வளையம், நடுவில் ஒரு பின். கைப் பிரஸ்ஸின் கைப்பிடியை இழுத்தால் பின் உள்ளே போய் உட்காரும். எல்லா மேசையிலும் கைப்பிடி வலது பக்கம், என் மேசையில் மட்டும் இடது. இருபத்தேழு வருஷம் முன்னால், நான் வலது கையால் மல்லுக்கட்டுவதை அரை நாள் பார்த்த சூப்பர்வைசர் பால்ராஜ், வெல்டரைக் கூப்பிட்டு, "டேய், இவனுக்கு அத அந்தாண்ட மாத்திப் போடு. பாக்க சகிக்கல," என்றார். பேப்பர் கிடையாது, கையெழுத்து கிடையாது. அன்று தொடங்கியது என் ஆட்சி.

இன்னொன்றும் பால்ராஜ் காலத்துப் பழக்கம்தான். இடது கதவுக் கீலுக்கும் வலது கதவுக் கீலுக்கும் ஒரு ஜோடிச் செருப்புக்குள்ள வித்தியாசம்தான் உண்டு. பழகாத கண்ணுக்குத் தெரியாது. அதனால் இடது கீலுக்கு மட்டும் மஞ்சள் பெயின்ட்டில் ஒரு பொட்டு வைப்போம். போன மாதம் அபிஷேக் அதை நிறுத்திவிட்டார். மதிப்புக் கூட்டாத வேலையாம்.

ஜூன் 8, ஞாயிறு

மகன் ஷெர்வின் சாப்பிட வந்தான். ஐ.டி. கம்பெனியில் இருக்கிறான். பெயர் சொல்லிக் கூப்பிடும் சட்டத்தைச் சொன்னேன்.

"எங்க ஆபீஸ்ல சி.இ.ஓ.வையே பேர் சொல்லித்தான்பா கூப்பிடுவோம்."

"வேலைய விட்டுத் தூக்குறப்போ?"

"அப்பவும் பேரச் சொல்லித்தான் மெயில் வரும்," என்றான். எலும்பைக் கடித்துக்கொண்டே சொன்னான்.

ஜூன் 11, புதன்

அபிஷேக் ஸ்டாப் வாட்ச்சோடு வந்து என் பின்னால் ஒரு மணி நேரம் நின்றார். ஒரு கீலுக்கு நாற்பத்தோரு விநாடி. மற்றவர்களுக்கு ஐம்பதுக்கு மேல். "அருள், நீங்கதான் நம்ம பெஞ்ச்மார்க்," என்றார். நாளை என் கைகளை வீடியோ எடுக்கப் போகிறார்கள். இனிமேல் புதிதாக வருகிறவர்களுக்கு ஆள் வைத்துச் சொல்லித் தருவது கிடையாது. மேசைக்கு மேல் ஒரு டி.வி. இருக்கும், அதில் என் கைகள் ஓடிக்கொண்டே இருக்கும்.

ரோஸியிடம் சொன்னேன்.

"மொகம் வராதாங்க?"

"கை மட்டும்தான்."

"அப்ப நல்லா வரும்," என்று சொல்லி, நகவெட்டியோடு வந்து பத்து விரலுக்கும் வெட்டிவிட்டாள்.

முகமே இல்லாத கதாநாயகன். சரித்திரம் இதற்கும் ஒரு பக்கம் ஒதுக்கத்தான் வேண்டும்.

ஜூன் 12, வியாழன்

படப்பிடிப்பு நடந்தது. வலது கதவுக் கீலை எடுத்துக்கொண்டோம். மூன்றாவது முறை எடுக்கும்போதுதான் அவர் கவனித்தார்.

"அருள், நீங்க லெஃப்ட் ஹேண்டா?"

"பொறந்ததுலேர்ந்து சார்."

"அபிஷேக்."

"பொறந்ததுலேர்ந்து அபிஷேக்."

ஜெகன் மேசையில் உட்கார்ந்து வலது கையால் செய்து காட்டச் சொன்னார். செய்தேன். பின் கீழே விழுந்தது. எடுத்தேன். மறுபடி விழுந்தது. ஜெகன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தான்.

அபிஷேக் டேப்லட்டைக் கொஞ்சம் நோண்டினார். "முடிஞ்சது, பாருங்க," என்றார். படத்தை அப்படியே இடம் வலமாகத் திருப்பிவிட்டார், கண்ணாடியில் தெரிகிற மாதிரி. வலது மணிக்கட்டில் கட்டியிருந்த என் வாட்ச் இடது மணிக்கட்டுக்குப் போய்விட்டது. கைப்பிடியை இழுக்கிற கை வலது கை. பள்ளிக்கூடத்தில் சிஸ்டர் பத்து வருஷம் ஸ்கேலால் அடித்தும் வராதது ஒரு தட்டில் வந்துவிட்டது. அந்த மனிதனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒழுங்கான ஆளாகத் தெரிந்தான்.

ஆனால் கை மட்டுமா திரும்பியது? கீலும் கூடவே திரும்பிவிட்டது. தலைப்பில் 'வலது கதவு' என்று போட்டிருக்கிறது. படத்தில் தெரிவது இடது கதவுக் கீல். இருபத்தேழு வருஷக் கண். எனக்கு முதல் பார்வையிலேயே தெரிந்தது.

"சார், இதுல ஒண்ணு—"

"எதுவா இருந்தாலும் ஆப்ல போடுங்க அருள். சஜஷன் எல்லாம் இனிமே ஆப் வழியாத்தான்." பிறகு தோளில் தட்டினார். "இந்த வீடியோ மட்டும் வரலன்னா எல்லா மேசையையும் ஒரே மாதிரி மாத்தறதா இருந்தேன். இப்ப உங்களது அப்படியே இருக்கட்டும்."

வாயை மூடிக்கொண்டேன்.

ஜூன் 13, வெள்ளி

ஆப்பைத் திறந்தேன். 'இன்று எப்படி உணர்கிறீர்கள்' என்று கேட்டு ஐந்து முகங்கள் காட்டியது. நடு முகத்தை அழுத்தினேன். ஆலோசனை என்ற கட்டத்தில் 'கீல்' என்று தட்டினேன். அழித்தேன்.

சொன்னால் என்ன ஆகும்? வீடியோ போகும். வீடியோ போனால் மேசை போகும். ரிட்டயராக இன்னும் ஒரு வருஷம் பத்து மாதம். அதுவரை அந்தக் கைப்பிடி என் பக்கம் இருந்தால் போதும். வேறு யாராவது பார்த்துச் சொல்வார்கள். அங்கே படித்தவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்.

ஜூன் 30, திங்கள்

ஏழாம் நம்பர் மேசைக்குப் புதிதாக ஒரு பெண். கனிமொழி, ஆவடி. முப்பத்தைந்து வயது இருக்கும். முன்பு பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங், அதை மூடிவிட்டார்கள். இங்கே கான்ட்ராக்ட் ஆள். அவளுக்கு வலது கதவு மட்டும். அந்த வீடியோவைப் பார்த்து வேலை செய்கிற முதல் ஆள் அவள்தான். ஜெகனைப் போன்ற பழைய ஆட்கள் டி.வி.யை நிமிர்ந்தும் பார்ப்பதில்லை.

மதியம் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில், "அண்ணே, டி.வி.ல வர்ற கை உங்களுதாமே?" என்றாள்.

"ஆமாம்மா."

"நேர்ல பாத்தா வேற மாரி கீது."

"டி.வி.ல எல்லாருமே அழகாத்தான் இருப்போம்."

சிரித்துவிட்டுப் போனாள். அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம்.

ஜூலை 4, வெள்ளி

டீக்குப் போகும் வழியில் ஏழாம் மேசையைத் தாண்டினேன். 'வலது' என்று ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டியில் இடது கீல்கள். வரிசையாக, அழகாக அடுக்கியிருந்தாள். அவள் பக்கத்தில் இரண்டு வகைத் தகடும் தொட்டியில் இருக்கிறது. படத்தில் எந்த மாதிரி தெரிகிறதோ அந்த மாதிரியை எடுக்கிறாள். ஒவ்வொரு முறையும் டி.வி.யை நிமிர்ந்து பார்த்துச் சரிபார்த்துவிட்டு எடுக்கிறாள்.

நின்றேன். டீ ஆறிவிடும் என்று போய்விட்டேன்.

இன்ஸ்பெக்‌ஷனில் பிடித்துவிடுவார்கள்.

ஜூலை 5, சனி

இன்ஸ்பெக்‌ஷனில் பின்னின் இறுக்கம் மட்டும்தான் பார்க்கிறார்கள். ஜெகனிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

ஜூலை 9, புதன்

மழை வரும் போல இருந்தது. வரவில்லை. அறுநூற்று முப்பது.

ஜூலை 12, சனி

'இந்த வாரத்தின் நட்சத்திரம்' என்று ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். அதில் கனிமொழியின் போட்டோ. இரண்டு வாரம், ஒரு கீல்கூட இன்ஸ்பெக்‌ஷனில் திரும்பி வரவில்லையாம். எல்லோருக்கும் சாக்லேட் கொடுத்தாள். என்னிடம் இரண்டு கொடுத்தாள். "குருவுக்கு ஒண்ணு எச்சா," என்றாள்.

இடது கையால் வாங்கினேன். அவள் ஒன்றும் நினைத்துக்கொள்ளவில்லை. ஒன்றை அங்கேயே தின்றேன். ஒன்றை ரோஸிக்குக் கொண்டுவந்தேன். இனிப்பாகத்தான் இருந்தது.

ஜூலை 21, திங்கள்

கார் கம்பெனியிலிருந்து புகார் வந்துவிட்டது. வலது கதவுக்கு எங்கள் பெட்டியைப் பிரித்திருக்கிறார்கள், கதவு மாட்டவில்லை. அவர்கள் கார் பூட்டுகிற லைன் ஒன்றரை மணி நேரம் நின்றிருக்கிறது. குமணன்சாவடி கிடங்கில் கிடக்கிற எங்கள் சரக்கு முழுவதையும் நிறுத்தி வைத்துவிட்டார்கள். அதில் எத்தனை மாறிக் கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

அபிஷேக் நாள் முழுக்க போனும் கையுமாக நடந்தார். ஒரு முறை என்னைத் தாண்டும்போது புன்னகைத்தார். யாரைப் பார்த்தாலும் புன்னகைக்க வேண்டும் என்பதும் புதுப் பழக்கங்களில் ஒன்று.

ஜூலை 22, செவ்வாய்

நின்றபடி கூட்டம். பத்து நிமிடக் கூட்டம் இன்று நாற்பது நிமிடம். அபிஷேக் வெள்ளைப் பலகையில் ஐந்து 'ஏன்' எழுதினார். ஐந்து முறை ஏன் ஏன் என்று கேட்டுக்கொண்டே போனால் தப்பின் அடிவேர் கையில் வந்துவிடும் என்பது முறையாம்.

"ஆளைக் குறை சொல்ற கல்ச்சர் இங்க இல்ல. சிஸ்டத்தைத்தான் கேக்கறோம்," என்றார்.

ஏன் கதவு மாட்டவில்லை? பெட்டியில் இடது கீல். ஏன்? ஏழாம் மேசையில் மாற்றிப் போட்டுவிட்டார்கள். ஏன்? ஆள் கவனிக்கவில்லை. ஏன் கவனிக்கவில்லை? ஆள் புதிது. ஐந்தாவது 'ஏன்' அப்படியே நின்றுவிட்டது. நேரம் முடிந்துவிட்டது.

கனிமொழி கடைசி வரிசையிலிருந்து, "வீடியோல இருக்கிற மாரிதான் சார் போட்டேன்," என்றாள்.

"ஷூட் பண்ணப்ப ரைட் டோர் பீஸ்தான் வெச்சோம். நானே பக்கத்துல நின்னு பாத்தேன் கனிமொழி."

அவர் பொய் சொல்லவில்லை. அன்று வைத்தது வலது கீல்தான்.

எழுபது பேர் நின்றோம். அதில் ஒருத்தனுக்குத் தெரியும். அவன் பலகையில் இருந்த 'ஏன்'களை எண்ணிக்கொண்டிருந்தான். ஐந்து. மறுபடி எண்ணினான். ஐந்து.

ஜூலை 23, புதன்

ஏழாம் மேசை காலி. "கான்ட்ராக்ட்காரன் நேத்தே போன் போட்டு நாளைலேர்ந்து வராதன்ட்டானாம் மாமே," என்றான் ஜெகன். சட்டத்தை மறந்து மாமே என்றுவிட்டான். நானும் திருத்தவில்லை.

டி.வி.யை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. ஆள் இல்லாத மேசைக்கு மேல் என் கைகள் சாயந்திரம் வரைக்கும் வேலை செய்துகொண்டிருந்தன.

ஜூலை 24, வியாழன்

அறுநூற்று ஐம்பது.

ஜூலை 27, ஞாயிறு

பூசை முடிந்து வந்து ரோஸி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை, முழுவதும் சொன்னேன்.

"படம் திரும்புனது அன்னிக்கே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அந்தப் பொண்ணு பண்றதையும் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"சொல்லலியா?"

"சொல்லல."

நறுக்கிக்கொண்டே இருந்தாள். பிறகு, "அந்தப் பொண்ணு குடுத்ததுதான அந்தச் சாக்லேட்டு?" என்றாள். ஆமாம் என்றேன். பீன்ஸைக் கழுவ எழுந்து போனாள். எனக்கு அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். நீலகிரி மலையைத் தூக்கி நெஞ்சில் வைத்த மாதிரி இருந்தது என்றெல்லாம் எழுதலாம், எனக்கு அது கைவந்த கலை. ஆனால் அப்படி எதுவும் இல்லை. பீன்ஸ் பொரியல் இருந்தது. சாப்பிட்டேன்.

ஜூலை 30, புதன்

வீட்டுக்கு வரும் வழியில் கனிமொழி போன் செய்தாள். நம்பர் ஜெகனிடம் வாங்கினாளாம்.

"அண்ணே, ஒண்ணு கேட்டா தப்பா நெனச்சுக்க மாட்டீங்களே? நான் உங்க கையப் பாத்துதான பண்ணேன். எங்க தப்பு உட்டேன்னு எனக்கே தெரில. ராவும் பகலும் அதே ரோசன. கண்ணுல எதுனா கோளாறான்னு ஆவடி ஆஸ்பத்திரிக்குப் போய் டெஸ்ட் பண்ணிகினு வந்தேன். நல்லாத்தான் கீதுன்னாங்க. அப்ப புத்தியிலதான் கோளாறா, இன்னா?"

கொரட்டூர் ஸ்டேஷன் சுரங்கப் பாதை. பின்னால் வந்தவர்கள் இடித்துக்கொண்டு போனார்கள்.

"நான் பாக்குறேம்மா," என்றேன்.

"இன்னாத்த பாப்பீங்க அண்ணே?" என்றாள். கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

காலையில் ஒரு வலது கீலை எடுத்துக்கொண்டு அபிஷேக்கைக் கை கழுவுகிற இடத்துக்குக் கூப்பிட்டேன். அங்கேதான் கண்ணாடி இருக்கிறது. கீலைக் கண்ணாடி முன்னால் பிடித்தேன்.

"கைல இருக்கிறது எது?"

"ரைட்."

"உள்ள தெரியறது?"

அவர் இன்ஜினியர். பதில் சொல்ல மூன்று விநாடிகூட ஆகவில்லை. முகம் வெளுத்துவிட்டது. கீலை என் கையிலிருந்து வாங்கி அவரே பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.

"ஃப்ளிப் பண்ணது நான்," என்றார், கண்ணாடியைப் பார்த்து.

பிறகு, "எப்ப கவனிச்சீங்க அருள்?"

இன்று காலை என்று சொல்லலாம். நேற்று என்று சொல்லலாம். எல்லாப் பொய்களும் குளித்து, பவுடர் போட்டு, வாயிலேயே வரிசையில் நின்றன. அதில் எதைச் சொல்லியிருந்தாலும் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு எஸ்டேட்டைச் சுற்றி வந்திருப்பார்கள்.

"எடுத்த அன்னிக்கே. ஜூன் பன்னெண்டு."

"கனிமொழி பண்றதப் பாத்தீங்களா?"

"ஜூலை நாலு. பாத்தேன். டீக்குப் போயிட்டேன்."

அவர் குழாயைத் திறந்து கை கழுவினார். கை சுத்தமாகத்தான் இருந்தது. "ஏன்?" என்றார். ஒரே ஒரு முறைதான் கேட்டார்.

"மேசை போயிடும்னு."

அவர் தலையை ஆட்டினார். கோபப்படவில்லை. கோபப்படக் கூடாது என்பது அவர்கள் பயிற்சியில் இருக்கும் போல. "நான் பண்ணதையும் எழுதறேன். நீங்க சொன்னதையும் எழுத வேண்டியிருக்கும்," என்றார்.

"எழுதுங்க சார்," என்றேன். அவர் அபிஷேக் என்று திருத்தவில்லை.

ஆகஸ்ட் 2, சனி

சொன்னால் மனசு லேசாகும் என்பார்கள். ஆகவில்லை. கனமாகவும் இல்லை. வெண்டைக்காய்க் குழம்பு.

ஆகஸ்ட் 6, புதன்

தீர்ப்பு வந்தது. கார் கம்பெனிக்கு எழுதிய பதிலில் காரணம்: வீடியோ. கனிமொழியின் பெயரை எடுத்துவிட்டார்கள். அவளைத் திரும்பக் கூப்பிடச் சொன்னால், ஏழாம் மேசைக்கு வேறு ஆள் போட்டாச்சு என்கிறார் கான்ட்ராக்ட்காரர். இப்போதைக்குக் குமணன்சாவடி கிடங்கில் சரக்கைப் பிரிக்கிற வேலைக்கு வரட்டுமாம். லைனில் இடம் வந்தால் பார்க்கலாமாம்.

எனக்கும் கிடங்குதான். "உங்க கண்ணு வேணும் அருள்," என்றார் அபிஷேக். தண்டனை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. மதியம் வெல்டர் வந்து நாலாம் மேசைக் கைப்பிடியை அறுத்தார். நான்கு நிமிடம் ஆனது. ஜெகன் வாட்ச்சைப் பார்த்துச் சொன்னான்.

ஆகஸ்ட் 11, திங்கள்

கிடங்கு. குமணன்சாவடி சந்திப்பிலிருந்து உள்ளே போகிற சந்து. மேலே தகரம், உள்ளே நாற்பது பேர் வேகிற சூடு, ஆட்கள் மூன்று பேர்: நான், கனிமொழி, வாட்ச்மேன் பரந்தாமன். பெட்டியைப் பிரிக்க வேண்டும், கீலை எடுத்துப் பார்க்க வேண்டும், இடதுக்கு நீலத் தொட்டி, வலதுக்குச் சிவப்புத் தொட்டி. பதினோராயிரம் கீல்.

அவள் வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தாள். "அண்ணே, நீங்கதான் பேசி உட்டீங்களாமே. ஜெகண்ணன் சொல்ச்சு."

அவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. அப்போதே சொல்லிவிட்டேன். தேதியோடு.

என் வாயையே பார்த்தாள்.

"நாலாந்தேதியே பாத்துகினு போனியா?"

இதுவரை நீங்க என்றுதான் பேசுவாள்.

"ஆமா."

"போர்டுல என் போட்டோ போட்டாங்களே, அப்பவும் தெரியுமா?"

"தெரியும்."

"சாக்லேட்டு குட்தேனே. தின்னியே." பையைத் தோளிலிருந்து இறக்கினாள். "என் பொண்ணுக்கு அந்த போட்டோவ செல்லுல எட்த்துகினு போய்க் காமிச்சேன். அப்பால வேல பூட்ச்சுன்னு அதே பொண்ணாண்ட சொன்னேன். அம்மா நீ சரியாப் பாக்கலியான்னு கேட்ச்சு. ஆமாண்டின்னேன்."

பரந்தாமன் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

"மன்னிச்சிரும்மா," என்றேன்.

அவள் ஒரு ஸ்டூலை இழுத்துக்கொண்டு அந்தக் கோடிக்குப் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 13, புதன்

நான் இந்தக் கோடி. அவள் அந்தக் கோடி. நடுவில் தொட்டிகள். இரும்பு விழுகிற சத்தம் மட்டும்.

அவள் இப்போது நிமிராமல் பிரிக்கிறாள். எடுத்ததும் தெரிந்துவிடுகிறது. யாரும் சொல்லித் தரவில்லை.

ஆகஸ்ட் 16, சனி

ரோஸி இரண்டு பேருக்கும் சேர்த்து எலுமிச்சைச் சாதம் கட்டிக் கொடுத்தாள். டப்பாவை நடுவில் வைத்தேன். பரந்தாமன் சாப்பிட்டார். "உங்க ஊட்டம்மா கை தங்கம் நைனா," என்றார். கனிமொழி தன் டப்பாவைத் திறந்து தன் இடத்திலேயே சாப்பிட்டாள்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

மூவாயிரத்துச் சொச்சம் பாக்கி. மதியத்துக்கு மேல் கண் எரிச்சல். ஒரு கீலைச் சிவப்புத் தொட்டியில் போட்டேன். கனிமொழி எழுந்து வந்தாள். அதை எடுத்தாள், நீலத்தில் போட்டாள், திரும்பிப் போய் உட்கார்ந்தாள். எத்தனை நேரமாக என்னைக் கவனித்துக்கொண்டிருந்தாள் என்று தெரியவில்லை.

இருபத்தேழு வருஷக் கண் என்று ஒரு ஆள் சொல்லிக்கொண்டு திரிந்தானே, அவனை எங்கும் காணவில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

அபிஷேக் கிடங்குக்கு வந்தார். புது வீடியோ எடுத்துவிட்டார்களாம், ஜெகன் கையை வைத்து. மஞ்சள் பொட்டும் திரும்ப வருகிறது, ஆனால் இப்போது அதற்கு ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பெயர் இருக்கிறது. கனிமொழியிடம் போய்ச் சாரி என்றார். பலகை எதுவும் இல்லாமல் தரையில் நின்றே சொன்னார். அவள், "சரி சார், லைனுக்கு எப்ப?" என்றாள்.

என்னிடம், "அடுத்த லாட் சரக்கையும் நீங்களே பாத்துடுங்க அருள்," என்றார். எந்த லாட் வரை என்று நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 23, சனி

கடைசிப் பெட்டி மூன்றரை மணிக்கு முடிந்தது. ஆறாயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டு இடது கீல்கள் வலது பெட்டியில் இருந்தன. பரந்தாமன் பேப்பரில் எழுதிக்கொண்டார்.

கனிமொழிக்குத் திங்கள் முதல் லைன். இரண்டாம் நம்பர் மேசை. கான்ட்ராக்ட்காரர் போனில் சொன்னபோது அவள் "ம்" என்றாள், பிறகு வெளியே போய் யாரிடமோ, அவள் பெண்ணிடமாக இருக்கும், ரொம்ப நேரம் பேசினாள். சிரிக்கிற சத்தம் கேட்டது. உள்ளே வரும்போது முகத்தில் அது இல்லை.

ஸ்டூலை மடித்துச் சுவரோரம் சாய்த்தாள். கையுறையைக் கழற்றித் தண்ணீர் டிரம் மேல் வைத்தாள். நான் காலிப் பெட்டிகளை ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டுக்கொண்டிருந்தேன். அதில் எனக்கு இன்னும் பத்து நிமிட வேலை இருந்தது, அதை இருபது நிமிடமாக ஆக்கிக்கொண்டிருந்தேன்.

பையை மாட்டிக்கொண்டு கேட்டுக்குப் போனாள். அங்கே நின்று, தெருவைப் பார்த்தபடியே, "வரேன்," என்றாள்.

யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. பரந்தாமனும் நானும் ஒரே நேரத்தில், "சரிம்மா," என்றோம்.